புது ஆடிட்டர் ஆபீஸ்: கையெழுத்து மட்டும் வேண்டுமென்றால் போகாதீர்கள்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். பழைய ஆடிட்டரின் தவணை முடிந்ததும் வேறு ஆபீஸுக்கு மாறினோம்.

பழையவர் தங்கமான மனுஷர். சிக்கலே அதுதான். முதலாளி வீட்டு விசேஷம் எதுவானாலும் முன்வரிசையில் இருப்பார். அவரிடம் சி.ஏ. பயிற்சி எடுக்கிற ஆர்ட்டிகிள் பசங்க போன வருஷ ஃபைலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் ஒத்துக்கொண்டதையெல்லாம் இந்த வருஷமும் டிக் அடிப்பார்கள். பேங்க் பேலன்ஸ் லெட்டரை நாங்களே வாங்கிக் கொடுப்போம். செப்டம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் கேள்வியே கிடையாது.

புது மேடம் பேங்க்குக்குத் தானே எழுதி, பதிலையும் நேராகத் தன் ஆபீஸுக்கே வரவழைத்தார். சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கம்பெனியின் கணக்கு மோசடிக் கதை தெரிந்தவர்களுக்குக் காரணம் புரியும். 2009 ஜனவரியில் அதன் சேர்மன் ராமலிங்க ராஜு எழுதிய கடிதப்படி, கணக்கில் மட்டும் இருந்த ரொக்கமும் பேங்க் பணமும் 5,040 கோடி ரூபாய்.

அப்புறம் குடோன். பையர் ரத்து செய்த ஆர்டரின் டி-ஷர்ட் மூட்டைகளை அடக்க விலையிலேயே ஸ்டாக்கில் காட்டியிருந்தோம். "சீசன்ல போயிருங்க மேடம்" என்றார் முதலாளி. "சரிங்க, ஏப்ரல்ல என்ன ரேட்டுக்குப் போச்சு? பில்லைக் காட்டுங்க" என்றார். காட்டினோம். அடக்கத்தில் பாதிகூட இல்லை. ஸ்டாக் மதிப்பும் லாபமும் இறங்கின. அதற்காக எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவர் இல்லை. ஒரு வெளிநாட்டு பையரின் பழைய பாக்கியை, ஜூனில் பணம் வந்த பேங்க் வரவைப் பார்த்ததும் அப்படியே விட்டுவிட்டார்.

"அடுத்த வருஷம் வேற ஆளைப் பார்க்கலாம்" என்று முதலாளி முறுக்கினார். நியமனம் ஐந்து வருஷத்துக்கு. நடுவில் நீக்க மத்திய அரசின் அனுமதி வேண்டும். ஃபீஸ் கொடுப்பது நாங்கள்தான் என்றாலும் அவர் அசையாததற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.

குறைகள்? ஃபீஸ் கூடுதல். கணக்கு எழுதித் தர மாட்டார்கள். கம்பெனிச் சட்டம் 144வது பிரிவில் தடை. அது நியாயம்தான், தான் எழுதிய கணக்கில் யார் தப்புக் கண்டுபிடிப்பார்கள்? ஆனால் எனக்கு இன்னொரு ஆள் சம்பளம் கூடிவிட்டது. ஃபோனை எடுப்பதே இல்லை, எல்லாம் மெயில்தான்; பதில் வர இரண்டு மூன்று நாள் ஆகும். ஒரு ஸ்டார் அதற்காகவே குறைக்கிறேன். நாலு ஸ்டார்.