முக்கோணமா, ஓரலகா, வெட்டுவதா? மோல் கணக்குக்கு எந்த வழி

கோத்தகிரிப் பக்கம் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். மழை பிடித்துக்கொள்கிற மாதத்தில்தான் முதல் பாடமும் வரும்: மோல் (6.022 × 10²³ துகள்கள் கொண்ட தொகுதி), எளிய விகித வாய்ப்பாடு (சேர்மத்தில் அணுக்களின் மிக எளிய விகிதம்), மூலக்கூறு வாய்ப்பாடு (ஒரு மூலக்கூறில் ஒவ்வொரு அணுவும் உண்மையில் எத்தனை). பத்தாம் வகுப்பிலேயே மோலைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஆனால் ஆளுக்கொரு வழியோடு வருகிறார்கள். ஒருவன் முக்கோணம் போடுவான். ஒருத்தி குறுக்கே பெருக்குவாள். கோச்சிங் போய் வந்தவன் ஒரே வரியில் நீளமாக எழுதி, மேலும் கீழும் வெட்டிக்கொண்டே போவான். "இதுல எது மிஸ் சரி?" என்பார்கள். மூன்றும் சரிதான். எது எங்கே காலை வாரும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முக்கோணத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதன் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. உச்சியில் நிறை, கீழே ஒரு மூலையில் மோல், இன்னொரு மூலையில் மோலார் நிறை, அதாவது ஒரு மோல் எத்தனை கிராம் என்பது. வேண்டியதை விரலால் மறைத்தால் மீதி இரண்டும் பெருக்கலா வகுத்தலா என்று படமே சொல்லிவிடும். 36 கிராம் நீர் எத்தனை மோல்? மோலை மறை, 36-க்குக் கீழே நீரின் மோலார் நிறை 18, விடை 2. பத்து நொடி. ஒரு மதிப்பெண் கேள்விக்கு இதைவிட வேகமான வழி கிடையாது, அதை நான் மறுக்கவில்லை.

சரி, இப்போது ஒரு தேநீரை எடுத்துக்கொள்வோம். அதில் 5 கிராம் சர்க்கரை போடுகிறோம். எத்தனை கார்பன் அணுக்கள் உள்ளே போயின? சர்க்கரை மூலக்கூறு ஒன்றில் கார்பன் 12, ஹைட்ரஜன் 22, ஆக்சிஜன் 11; மோலார் நிறை 342. இந்தக் கேள்வியை வகுப்பில் கொடுத்தால் முக்கோணப் பிள்ளைகளில் பாதிப் பேர் 5-ஐ 12-ஆல் வகுப்பார்கள். கார்பனின் அணு நிறையும் 12, மூலக்கூறில் உள்ள கார்பனின் எண்ணிக்கையும் 12. எந்த 12 எந்த 12 என்று முக்கோணத்துக்குத் தெரியாது. அதில் மூன்று மூலைதான் இருக்கிறது, கேள்வியிலோ கிராம், மோல், மூலக்கூறு, அணு என்று நாலு இருக்கிறது. எண்ணிக்கைக்கு இன்னொரு முக்கோணம், வாயுவின் கனஅளவுக்கு வேறொரு முக்கோணம் என்று வரைந்துகொண்டே போனால் நோட்டுதான் நிரம்பும்.

அடுத்தது ஓரலகு முறை, குறுக்கே பெருக்குகிறவளின் வழி. ஆறாம் வகுப்புக் கணக்குதான். ஒரு கிலோவுக்கு இவ்வளவு என்றால் ஏழரை கிலோவுக்கு எவ்வளவு? என்னிடம் வருகிற பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ தேயிலை இருக்கிறது; இல்லையென்றால் அம்மா எஸ்டேட்டில் இலை பறிக்கிறார். பச்சைத் தேயிலைக்குக் கிலோ என்ன விலை, இன்றைக்கு எத்தனை கிலோ, கைக்கு எவ்வளவு வரும் என்பதை மனசிலேயே போட்டுவிடுவார்கள். அந்தப் பையனே 342 கிராமுக்கு 1 மோல் என்றால் 5 கிராமுக்கு எத்தனை என்று கேட்டால் முழிப்பான். எழுத வைத்தால் போதும், தானாக வந்துவிடும்:

342 கிராம் சர்க்கரை என்றால் 1 மோல்
5 கிராம் என்றால் 5/342 = 0.01462 மோல்

இந்த முறையில் எனக்குப் பிடித்தது, எண்ணுக்குப் பக்கத்தில் பொருள் நிற்கிறது என்பதுதான். யூரியா மூட்டையை வைத்துப் பாருங்கள். 45 கிலோ மூட்டை, நைட்ரஜன் 46 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். யூரியாவின் மோலார் நிறை 60, அதில் நைட்ரஜன் 28. 60 கிலோவில் 28 என்றால் 45 கிலோவில்? 21 கிலோ. சதவீதமாகப் போட்டால் 46.67, மூட்டைக்குச் சரியாக ஒத்துப்போகிறது. அம்மோனியம் சல்பேட்டில் 132-க்கு 28, அதாவது 21 சதவீதம்தான். "அப்போ யூரியா மூட்டை ஒண்ணு, சல்பேட் ரெண்டே கால் மூட்டைக்குச் சமமா மிஸ்?" என்று ஒரு பையன் கேட்டான். தூய பொருளாக வைத்துக் கணக்குப் போட்டால் 2.2 வருகிறது. முக்கோணம் போடுகிற யாரும் இதுவரை இப்படித் திருப்பிக் கேட்டதில்லை.

ஓரலகின் குறை நீளம். ஒவ்வொரு படிக்கும் இரண்டு வரி. சமன்பாடு உள்ள கணக்கில், ஒரு பொருளின் கிராமிலிருந்து இன்னொரு பொருளின் கிராமுக்குப் போக ஆறேழு வரி ஆகிவிடும். நடுவில் ஒவ்வொரு வரியிலும் தசமத்தை வெட்டுவார்கள், கடைசி விடை எங்கோ நழுவிப் போயிருக்கும்.

மூன்றாவது, கோச்சிங் பையனின் வழி. நான் அதை அலகு வெட்டுவது என்பேன். எல்லாப் படியையும் பின்னங்களாக ஒரே வரியில் கோத்துவிடுவது:

5 கிராம் × (1 மோல் / 342 கிராம்) × (6.022 × 10²³ மூலக்கூறு / 1 மோல்) × (12 கார்பன் அணு / 1 மூலக்கூறு)

கிராமும் கிராமும் வெட்டுப்படும், மோலும் மோலும் வெட்டுப்படும், மூலக்கூறும் மூலக்கூறும் வெட்டுப்படும். மிஞ்சி நிற்பது கார்பன் அணு. விடை 1.06 × 10²³. அந்த 12 இங்கே குழப்பவே முடியாது, "கார்பன் அணு / மூலக்கூறு" என்று அதன் பெயர் கூடவே இருக்கிறது. பின்னத்தைத் தலைகீழாகப் போட்டால் கடைசியில் "கிராம் வர்க்கம் / மோல் வர்க்கம்" என்று அசிங்கமாக ஏதோ மிஞ்சும், பிள்ளையே திரும்பிப் போய்த் திருத்தும். தவறைத் தானே காட்டிக்கொடுக்கிற குணம் மற்ற இரண்டிலும் இல்லை. கால்குலேட்டர் இல்லாத தேர்வுக்கும் இதுதான் தோது. பெருக்கல் வகுத்தல் எல்லாம் கடைசியில் ஒரே இடத்தில் வருவதால், நடுவில் சுருங்கிப் போகிறவை நிறைய.

ஆனால் இதை முதல் நாளே கொடுத்தால் கோலம் போடுவது மாதிரி ஆகிவிடும். புள்ளி வைப்பார்கள், இழுப்பார்கள், எதற்கென்று தெரியாது. அதனால் முதல் வாரம் முழுக்க ஓரலகுதான். இரண்டு மூன்று வரிக் கணக்கு அலுத்துப்போய் "சுருக்கமா எழுத வழியில்லையா மிஸ்?" என்று அவர்களே கேட்கும்போது, அந்த வரிகளையே பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிக் காட்டுவேன். முக்கோணத்தை நான் சொல்லித் தருவதில்லை, கொண்டுவருகிறவர்களிடமிருந்து பிடுங்குவதும் இல்லை.

வாயு வந்தால் ஒரு சின்னக் குறுக்கீடு. சில புத்தகத்தில் ஒரு மோல் வாயுவுக்கு 22.4 லிட்டர், சிலவற்றில் 22.7. இரண்டும் 0 டிகிரிக்குத்தான்; 22.4 என்பது 1 வளிமண்டல அழுத்தத்துக்கு, 22.7 என்பது 1 பார் அழுத்தத்துக்கு. கேள்வியில் எந்த அழுத்தம் என்று பார்த்துவிட்டு எண்ணைத் தொடுங்கள். ஊட்டியிலேயே இருந்து பார்த்தால் இரண்டும் பொருந்தாது. 2240 மீட்டர் உயரத்தில் அழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான். 15 டிகிரியில் ஒரு மோல் காற்று கிட்டத்தட்ட 31 லிட்டர் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். பரீட்சையில் இதை எழுதிவிடாதீர்கள்.

இனி எளிய விகித வாய்ப்பாடு. இங்கே போட்டி இரண்டு வழிக்குள்தான், ஆனால் சண்டை பெரிது.

ஒன்று, எல்லோருக்கும் தெரிந்த அட்டவணை. தனிமம், சதவீதம், அணு நிறை, சதவீதத்தை அணு நிறையால் வகுத்த ஈவு, பிறகு சிறிய ஈவால் எல்லாவற்றையும் வகுத்து எளிய விகிதம். இன்னொன்று, மோலார் நிறை தெரிந்தால் அட்டவணையைச் சுற்றிப் போகாமல் நேரே மூலக்கூறு வாய்ப்பாட்டுக்குப் போவது: ஒரு மோலில் அந்தத் தனிமம் எத்தனை கிராம் என்று கண்டுபிடித்து, அணு நிறையால் வகுத்துவிடுவது.

ஊட்டிக்கு வருகிறவர்கள் யூகலிப்டஸ் தைலத்தோடு சேர்த்து வாங்கிப் போகும் விண்டர்கிரீன் எண்ணெய் தெரியும்தானே, முட்டிவலிக்குத் தேய்ப்பது? மூடியைத் திறந்தாலே மூக்கில் ஏறும். அது கிட்டத்தட்ட முழுக்க மெத்தில் சாலிசிலேட். கார்பன் 63.16, ஹைட்ரஜன் 5.26, ஆக்சிஜன் 31.58 சதவீதம், மோலார் நிறை 152. அட்டவணைப்படி:

கார்பன்: 63.16 / 12 = 5.263
ஹைட்ரஜன்: 5.26 / 1 = 5.26
ஆக்சிஜன்: 31.58 / 16 = 1.974

சிறியதான 1.974-ஆல் வகுத்தால் 2.67, 2.66, 1. இங்கேதான் வண்டி பள்ளத்தில் இறங்கும். 2.67-ஐப் பார்த்ததும் கை தானாக 3 என்று எழுதும். நான் பிளஸ் ஒன் படித்தபோது காலாண்டில் இதே மாதிரி ஒரு கணக்கில் கார்பன் 3, ஹைட்ரஜன் 3, ஆக்சிஜன் 1 என்று எழுதிவிட்டு நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போனேன். அடுத்த வரியில் 152-ஐ 55-ஆல் வகுத்து 2.76 வந்ததையும் 3 ஆக்கினேன்! தவறுக்கு மேல் தவறாக இரண்டு முறை முழுமையாக்கி, கார்பன் 9 உள்ள ஒரு சேர்மத்தை உருவாக்கியிருந்தேன். திருத்தியவர் அந்த 2.76-ஐச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் மட்டும் போட்டிருந்தார். வேறொன்றும் எழுதவில்லை.

செய்ய வேண்டியது, எல்லாவற்றையும் 3-ஆல் பெருக்குவது: 8, 8, 3. ஈவில் .5 நின்றால் 2-ஆல், .33 அல்லது .67 நின்றால் 3-ஆல், .25 அல்லது .75 நின்றால் 4-ஆல். 2.98 மாதிரி இருந்தால் மட்டும் 3 என்று எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது அதே எண்ணெயை நேர்வழியில் பாருங்கள். 152-இல் 63.16 சதவீதம் 96.0 கிராம், 12-ஆல் வகுத்தால் 8. 152-இல் 5.26 சதவீதம் 8.0, ஹைட்ரஜன் 8. 152-இல் 31.58 சதவீதம் 48.0, 16-ஆல் வகுத்தால் 3. பள்ளமும் இல்லை, பெருக்கவும் இல்லை. எளிய விகிதம் வேண்டுமென்றால் பொதுக்காரணி இருக்கிறதா பார். 8, 8, 3-க்கு இல்லை, ஆக இரண்டு வாய்ப்பாடும் ஒன்றே. சரிபார்ப்பும் கூடவே கிடைக்கிறது: 96, 8, 48 மூன்றையும் கூட்டினால் 152 வர வேண்டும்.

தேநீரில் உள்ள காஃபீனுக்கு இரண்டு வழியும் சமமாக நிற்கின்றன. கார்பன் 49.48, ஹைட்ரஜன் 5.15, நைட்ரஜன் 28.87, ஆக்சிஜன் 16.49. அட்டவணை 4, 5, 2, 1 என்று அழகாக வரும்; அந்த நிறை 97, மோலார் நிறை 194, இரண்டால் பெருக்கினால் 8, 10, 4, 2. நேர்வழியும் அங்கேதான் கொண்டுவிடும். ஆனால் கேள்வியில் மோலார் நிறைக்குப் பதிலாக அதில் பாதியான ஆவி அடர்த்தி 97 என்று கொடுத்து, பிள்ளை அதை இரண்டால் பெருக்க மறந்தால்? இரண்டு வழியிலும் 4, 5, 2, 1 என்று முழு எண்ணாகவே வந்து நிற்கும், சந்தேகமே வராது. விண்டர்கிரீனில் அதே மறதி நேர்வழியில் ஆக்சிஜன் ஒன்றரை என்று கத்திச் சொல்லும். காஃபீன் வாயைத் திறக்காது.

அட்டவணைக்கு ஆதரவாகச் சொல்ல வேண்டியது இரண்டு. மோலார் நிறை கொடுக்காத கணக்கில் அது ஒன்றுதான் வழி. மயில்துத்தம் (நீரேறிய காப்பர் சல்பேட்) மாதிரி நேரடியாகக் கிராமில் வருகிற கணக்குக்கும் அதுவே பொருத்தம்: 2.50 கிராம் நீலப் படிகத்தைச் சூடாக்கினால் 1.60 கிராம் வெள்ளைத்தூள் மிஞ்சுகிறது, போனது 0.90 கிராம் நீர். நீர் நீங்கிய காப்பர் சல்பேட்டின் மோலார் நிறை 159.5; 1.60 / 159.5 = 0.01003, 0.90 / 18 = 0.05, விகிதம் 1-க்கு 5. மழை நாளில் இலை எடையில் தண்ணீருக்கென்று கழிப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கவே வேண்டாம். இரண்டாவது, "எளிய விகித வாய்ப்பாட்டைக் கண்டறிந்து அதிலிருந்து மூலக்கூறு வாய்ப்பாட்டைக் காண்க" என்று கேட்டால் படிக்குப் படி மதிப்பெண். அங்கே நேர்வழியில் போய் நின்றால் விடை சரி, பாதி படி காணோம்.

அட்டவணையில் இன்னொரு நோய், அவசரமாகத் தசமத்தை வெட்டுவது. நீலகிரியின் நடுவட்டத்தில் ஒரு காலத்தில் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து எடுத்த மலேரியா மருந்தான குயினைனை எடுத்துக்கொள்ளுங்கள்: கார்பன் 74.07, ஹைட்ரஜன் 7.41, நைட்ரஜன் 8.64, ஆக்சிஜன் 9.88. ஈவுகள் 6.17, 7.41, 0.617, 0.618. அந்த 0.617-ஐ 0.6 என்று வெட்டிவிட்டால் கார்பன் 10.3, ஹைட்ரஜன் 12.4 என்று வரும், பிறகு 3-ஆல் பெருக்கு, 5-ஆல் பெருக்கு என்று அலைய வேண்டியதுதான். வெட்டாமல் வைத்திருந்தால் 10, 12, 1, 1.

குயினைன் என்றதும் ஆங்கிலேய வேதியியலாளர் பெர்கினைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. 1856-இல், பதினெட்டு வயதில், ஒரு சேர்மத்தின் வாய்ப்பாட்டை இரண்டால் பெருக்கி, ஆக்சிஜனைச் சேர்த்து, நீரைக் கழித்தால் குயினைனின் வாய்ப்பாடு வருகிறது என்று கணக்குப் போட்டார். கணக்கு அணுவுக்கு அணு சரி. குயினைன் வரவில்லை. அந்த முயற்சியின் தொடர்ச்சியாக அனிலினில் செய்து பார்த்தபோது ஊதாச் சாயம் வந்தது, பணக்காரரானார். எத்தனை அணு என்று வாய்ப்பாடு சொல்லும். எது எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லாது.

என் பக்கம் எது என்று கேட்டால்: மோலுக்கு ஓரலகில் தொடங்கி அலகு வெட்டுவதில் முடிப்பது. வாய்ப்பாட்டுக்கு, மோலார் நிறை கையில் இருந்தால் நேர்வழி, இல்லாவிட்டால் மூன்று தசமமாவது வைத்துக்கொண்டு அட்டவணை. இந்த வருடம் ஒருத்தி இரண்டையும் செய்கிறாள். விடைத்தாளில் கட்டம் போட்டு அட்டவணை, ஓரத்தில் பென்சிலால் நேர்வழி. 96, 8, 48 மூன்றையும் கூட்டி 152 வந்த பிறகுதான் பென்சில் கோட்டை அழிக்கிறாள்.