கேம்பிரிட்ஜின் பிட்காயின் மின்சாரக் கணக்கு: ஒரு லோட் டெஸ்பாட்ச் ஆளின் பார்வை

பிட்காயின் என்ற டிஜிட்டல் நாணயத்துக்கு இவ்வளவு கரண்ட் செலவாகிறது என்று யாராவது ஒரே ஒரு எண்ணைச் சொன்னால் நான் நம்புவதில்லை. பணியில் இருந்த காலமெல்லாம் லோட் டெஸ்பாட்சில், அதாவது தேவைக்கேற்ப மின்சாரத்தைப் பகிர்ந்து அனுப்பும் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து தேவை ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்தவன் நான். மீட்டர் இல்லாத சுமைக்கு 'இதற்குக் குறையாது, இதைத் தாண்டாது' என்று இரண்டு எல்லைகளைத்தான் நேர்மையாகச் சொல்ல முடியும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மாற்று நிதி மையம் 2019 முதல் நடத்திவரும் பிட்காயின் மின் நுகர்வுக் குறியீடு அதைத்தான் செய்கிறது. இணையத்தில் யாரும் பார்க்கலாம், கட்டணம் கிடையாது.

கிராஃபில் மூன்று கோடுகள் இருக்கும். மைனிங் என்றால் மெஷின்களை ஓடவிட்டு, போட்டி போட்டுக் கணக்குப் போட்டு, புது பிட்காயின் சம்பாதிப்பது. அதைச் செய்கிற எல்லோரிடமும் இருப்பதிலேயே சிக்கனமான மெஷின் இருப்பதாக வைத்துப் போட்ட கணக்கு கீழ்க்கோடு. கட்டுப்படியாகிற வரை மோசமான மெஷினையே ஓட்டுகிறார்கள் என்று வைத்துப் போட்டது மேல்கோடு. நடுவில் இருப்பது உத்தேசம். இந்த மூன்றுக்கும் அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது: கரண்ட் யூனிட்டுக்கு 5 அமெரிக்க சென்ட், அதாவது நம் காசில் நாலு ரூபாய்ச் சொச்சம். இந்த விலையை ஏற்றினால் பழைய மெஷின்கள் கட்டுப்படியாகாமல் கணக்கிலிருந்து கழன்றுவிடும், உத்தேசமும் இறங்கும். மொத்தச் செலவை நிர்ணயிப்பது தொழில்நுட்பம் மட்டுமல்ல, கரண்ட் விலையும் பிட்காயின் விலையும்தான் என்பது இதிலேயே விளங்கிவிடும்.

மெஷின் சிக்கனமானால் செலவு குறைந்துவிடாதா என்று கேட்பவர்களுக்கும் பதில் இங்கேயே இருக்கிறது. ஆன்ட்மைனர் எஸ்9 என்ற பழைய மைனிங் மெஷின் ஒரு டெராஹாஷுக்கு, அதாவது லட்சம் கோடி முறை கணக்குப் போட்டுப் பார்ப்பதற்கு, சுமார் 98 ஜூல் எடுத்தது. பின்னால் வந்த எஸ்21-க்கு 17.5 ஜூல் போதும். ஐந்து மடங்குக்கு மேல் சிக்கனம். ஆனால் 2,016 பிளாக்குகளுக்கு (பிளாக் என்பது பரிவர்த்தனைகளின் ஒரு தொகுப்பு) ஒருமுறை, சுமார் இரண்டு வாரத்தில், மெஷின்கள் போட வேண்டிய கணக்கின் கடினம் தானாகவே மாறிக்கொள்கிறது. எத்தனை மெஷின் சேர்ந்தாலும் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக்தான். 2024 ஏப்ரலிலிருந்து ஒரு பிளாக்குக்குப் புதிதாகக் கிடைப்பது 3.125 பிட்காயின். கிராமத்தில் ஒருவர் போர் இறக்கினால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் இன்னும் நூறு அடி இறக்குவார். அடியில் தண்ணீர் கூடுவதில்லை, கரண்ட் செலவுதான் கூடும். இங்கே நடப்பதும் அதுதான்.

எனக்கு மிகப் பெரிய மரியாதை வந்தது 2023 ஆகஸ்டில். தங்கள் கணக்கு கூடுதலாகக் காட்டியிருக்கிறது என்று அவர்களே சொல்லி, 2021-ஆம் ஆண்டுக்கான எண்ணை 104-லிருந்து 89 டெராவாட் மணியாகக் குறைத்தார்கள் (ஒரு டெராவாட் மணி என்றால் நூறு கோடி யூனிட்). எந்த மெஷின் எவ்வளவு பேரிடம் இருக்கும் என்ற அனுமானத்தைத் திருத்தியதால் வந்த மாற்றம். காரணத்தையும் வெளிப்படையாக எழுதி வைத்தார்கள். பரிவர்த்தனைக்கு இத்தனை யூனிட் என்று பிரித்துக் காட்டி மிரட்டும் கணக்கையும் இவர்கள் முன்னிறுத்துவதில்லை. அதுவும் சரிதான். பிளாக்கில் பரிவர்த்தனை கூடினாலும் குறைந்தாலும் மெஷின்கள் அதே வேகத்தில்தான் ஓடுகின்றன.

குறைகளும் உண்டு. மைனிங் எந்த நாட்டில் நடக்கிறது என்று காட்டும் வரைபடம், நான் கடைசியாகப் பார்த்தபோது 2022 ஜனவரியோடு நின்றிருந்தது. இது சின்ன விஷயமில்லை. 2021-இல் சீனா தடை போட்டதும் மெஷின்கள் வெளிநாடுகளுக்குப் போய், அந்த ஆகஸ்டிலேயே கஜகஸ்தானின் பங்கு 18 சதவீதத்தைத் தொட்டது. அந்தக் குளிர்காலத்தில் அங்கே மின்பற்றாக்குறை வந்து, 2022 ஜனவரியில் மைனிங் செய்பவர்களுக்கு இணைப்பையே நிறுத்தினார்கள். உலக மொத்தம் என்ற எண் எந்த கிரிட்டையும் (மின்கட்டமைப்பையும்) சாய்க்காது. ஓர் ஊரின் லைனில் ஒரே நேரத்தில் வந்து விழும் சுமைதான் சாய்க்கும். அந்தப் பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு அடுத்த கஜகஸ்தானை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒப்பீட்டுப் பக்கமும் எனக்குத் திருப்தியாக இல்லை. பிட்காயினின் கரண்டில் பிரிட்டனின் டீ கெட்டில்கள் எத்தனை வருடம் கொதிக்கும் என்பதை வைத்து நான் என்ன செய்வது? இதே மையம் 2025 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை ஆண்டுச் செலவை 138 டெராவாட் மணி, அதாவது 13,800 கோடி யூனிட் என்கிறது. மணிக் கணக்கில் வகுத்தால் சராசரியாக 15,750 மெகாவாட். தமிழ்நாட்டின் உச்சத் தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. நம்முடையது கோடை வெயிலில் எட்டிய உச்சம், ராத்திரியில் இறங்கிவிடும். பிட்காயினுடையது இரவு பகல் இல்லாமல் நிற்கும் சுமை. இப்படிச் சொன்னால்தான் எங்களைப் போன்றவர்களுக்கு உறைக்கும்.

நிற்கும் சுமைதான் என்றாலும் நினைத்தால் சட்டென்று அணைக்கலாம், அதற்கும் ஒரு விலை இருக்கிறது. 2023 ஆகஸ்டில் டெக்சாஸில் வெயில் கொளுத்தியபோது, ரயட் என்ற மைனிங் நிறுவனம் தன் பயன்பாட்டைக் குறைத்துக்கொண்டு 3.17 கோடி டாலர் மின்சார வரவு பெற்றது. மெஷின்கள் எந்த மணியில் ஓடின, எந்த மணியில் அணைந்தன என்பதை இந்தக் குறியீடு காட்டாது.

அப்புறம், அதே தளத்தில் இருக்கும், இத்தீரியம் என்ற இன்னொரு டிஜிட்டல் நாணயத்தின் பக்கத்தைத் தவறாமல் பாருங்கள். 2022 செப்டம்பர் 15 அன்று மைனிங்கையே கைவிட்டு வேறு முறைக்கு மாறியதும் அதன் செலவு 99.9 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. பிட்காயினுக்கு வேறு வழியே இல்லை என்று வாதாடுபவர்கள் முதலில் அந்தக் கிராஃபுக்குப் பதில் சொல்லட்டும்.

மாணவர்களும் செய்தி எழுதுபவர்களும் இதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: நடு எண்ணை மட்டும் எடுத்துப் போடாதீர்கள். கீழ் எல்லை, மேல் எல்லை, பார்த்த தேதி மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள்.