சீனாவில் ஈபேயும் தாவ்பாவும்: இலவசம் மட்டும்தான் காரணமா?

2003இல் சீன இணைய விற்பனையில், யார் வேண்டுமானாலும் பொருள் விற்க இடம் கொடுக்கும் அமெரிக்கத் தளமான ஈபேதான் பெரிய கை. உள்ளூரில் முன்னணியில் இருந்த ஈச்நெட்டில் முந்தைய வருடமே 3 கோடி டாலர் போட்டு மூன்றில் ஒரு பங்கை வாங்கியிருந்தது; 2003இல் மீதியையும் 15 கோடி டாலருக்கு வளைத்துப் போட்டது. சீன நிறுவனமான அலிபாபாவின் போட்டித் தளம் தாவ்பாவ் அப்போதுதான், மே மாதத்தில், பிறந்தது. ஆனால் 2006 டிசம்பரில் ஒதுங்கியது ஈபே. தன் சீனத் தளத்தை டாம் ஆன்லைன் என்ற சீன இணைய நிறுவனத்தோடு அமைத்த கூட்டு நிறுவனத்தில் சேர்த்துவிட்டு நடையைக் கட்டியது.

ஈபேயில் பொருளைப் பட்டியலிடவே காசு, விற்றால் கமிஷனும் உண்டு. தாவ்பாவில் முதல் மூன்று வருடம் எதுவும் கிடையாது. ஓசிக்குத்தானே கூட்டம் சேரும் என்று பலரும் இதோடு முடித்துவிடுகிறார்கள். சரி, 2006இல் ஈபேயும் கட்டணத்தைக் கைவிட்டதே, போனவர்கள் ஏன் திரும்பவில்லை?

என் கணிப்பில் மிச்சமான காசைவிட, கட்டணம் இல்லாதது தளத்தின் அமைப்பையே மாற்றியதுதான் முக்கியம். கமிஷனில் பிழைக்கும் தளத்துக்கு ஒரு பயம் உண்டு: வாங்குபவரும் விற்பவரும் நேரடியாகப் பேசினால் வெளியிலேயே கணக்கை முடித்துக்கொள்வார்கள். அதனால் ஈபே இருவரையும் தள்ளியே வைத்தது. தாவ்பாவுக்கு இழக்கக் கமிஷனே இல்லை; வாங்வாங் என்ற அரட்டைப் பெட்டியையே பக்கத்தில் வைத்தது. "சரக்கு இருக்கா? கடைசி விலை என்ன? ரெண்டு எடுத்தா தபால் செலவைக் குறைப்பீங்களா?" முன்பின் தெரியாத கடைக்காரரிடம் இப்படி நாலு வார்த்தை பேசாமல் யார் பணம் அனுப்புவார்கள்?

பேசினாலும் ஏமாறலாம் இல்லையா, அதற்குத் தாவ்பாவின் பணம் செலுத்தும் வசதியான அலிபே. பணம் நடுவில் நிற்கும். பொருள் கைக்கு வந்து, சரி என்று வாங்கியவர் சொன்ன பிறகே கடைக்காரருக்குப் போகும். ஈபேயும் இப்படி ஒரு வசதியைக் கொண்டுவந்தது, ஆனால் தாவ்பாவுக்குப் பின்னால்.

விளம்பரத்தில் ஈபே குறை வைக்கவில்லை; தாவ்பாவ் விளம்பரம் வராதபடி பெரிய தளங்களையெல்லாம் ஒப்பந்தம் போட்டு மடக்கியது. தாவ்பாவ் சின்னச் சின்னத் தளங்களைத் தேடிப் போனது, அவ்வளவுதான். ஈபே தானே போட்டுக்கொண்ட சூடு வேறு. 2004இல் ஈச்நெட்டைத் தன் உலகத் தளத்தோடு இணைத்து, சர்வர்களை அமெரிக்காவுக்கு மாற்றியது. சீனாவில் பக்கம் திறக்கவே நேரமானது. பழகிய தோற்றமும் போனது.

இத்தனைக்கும் ஜப்பானில் ஏற்கெனவே அடிபட்ட நிறுவனம் அது. 2000இல் அங்கே போனபோது யாஹூ இலவசமாக ஏலம் நடத்திக்கொண்டிருந்தது. ஈபே கட்டணமும் கிரெடிட் கார்டும் கேட்டது. 2002இல் கடையைச் சாத்தியது. அந்த வருடம்தான் ஈச்நெட்டில் முதல் முதலீடு.