சம்பள பாக்கிக்கு இலவச சட்ட உதவி: 5-க்கு 4 கொடுப்பேன்

ஜவுளிக்கடை பில்லிங்கில் மாதம் 12,000 ரூபாய்க்கு வேலை பார்த்தேன். முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் நின்றேன். ஆனாலும் கடைசி ஒன்றரை மாதச் சம்பளம், 18,000 ரூபாய், வரவில்லை. போய்க் கேட்டதற்கு, "ஆர்டர் காப்பி வச்சிருக்கியா? எதை வச்சுக் கேக்குற?" என்றார் முதலாளி. அந்தக் கடையில் யாருக்குமே வேலைக்குச் சேர்ந்ததற்கான நியமன ஆர்டர் கொடுத்ததில்லை.

மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே சட்ட உதவி இலவசம். வக்கீல் ஃபீஸும் கிடையாது.

அங்கிருந்த சட்டத் தன்னார்வலர் அக்கா ஆர்டரைப் பற்றிப் பேசவே இல்லை. "சம்பளம் கையில வாங்குனியாம்மா, அக்கவுண்ட்லயா?" என்றுதான் கேட்டார். பாஸ்புக்கில் கடைப் பெயரில் பணம் ஏறிய வரிகளை எல்லாம் பேனாவால் வட்டம் போட்டார். சரி, பாக்கி மாதத்தில் வேலை பார்த்ததற்குச் சாட்சி? அப்போதுதான் பில் ஞாபகம் வந்தது. எங்கள் கடை பில்லில் தேதி, நேரத்துக்குக் கீழே கேஷியர் பெயரும் அச்சாகும். பக்கத்து வீட்டு அக்கா அந்த மாதம் துணி எடுத்த பில் அவர் பீரோவில் கிடந்தது, என் பெயரோடு. எழுத்து மங்கிவிடும், உடனே ஜெராக்ஸ் எடு என்றார் தன்னார்வலர்.

வேலையை நாமாகவே விட்டாலும் இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடித்துக் கொடுக்க வேண்டும் என்று 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. பாக்கி கேட்க மூன்று வருடம் வரை நேரம் உண்டு. ஆணைக்குழு வக்கீல் இதைச் சொன்ன பிறகுதான் எனக்குத் தைரியமே வந்தது.

ஒரு ஸ்டார் குறைத்ததற்குக் காரணம் இருக்கிறது. இங்கே நடப்பது சமரசம்தான். எதிர்த்தரப்பு வராவிட்டால் இழுத்து வர முடியாது, தொழிலாளர் துறையில் தனியாக மனு போட வேண்டும். முதல் தேதிக்கு முதலாளி வரவில்லை. வந்த அன்று பத்தாயிரத்தில் ஆரம்பித்தார். 16,000-க்கு ஒத்துக்கொண்டேன், முழுசாக வராதது இன்னும் உறுத்துகிறது. இந்தச் சமரசம் லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. அதனால் ஜிபேயில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

நேரில் போக முடியாதவர்கள் 15100-க்கு அழைக்கலாம். போகிறவர்கள் ஆதார், பாஸ்புக் ஜெராக்ஸோடு, லீவு கேட்டு அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள்.