ஞாயிற்றுக்கிழமைக் காலையைச் சதுப்பு நிலத்துக்குக் கொடுப்பதென்றால்: பூங்காவா, குப்பைப் பையா, பைனாகுலரா?

ஐப்பசி மழை கொஞ்சம் ஓய்ந்து, தென்சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் தண்ணீர் நிற்கத் தொடங்கியதும் வருடாவருடம் யாராவது ஒருவர் என்னிடம் இதைக் கேட்டுவிடுவார்கள். இந்த முறை கேட்டவர் அண்ணி. "தம்பி, பையன் ஏழாவது படிக்கிறான். லீவு நாள்ல போன்லயே கிடக்கிறான். சதுப்பு நிலத்துக்கு ஏதோ பண்றாங்களாமே, எதுல சேர்த்துவிடலாம்?" போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் சென்னையில் இப்படிச் சேர நாலைந்து வழிகள் இருக்கின்றன, எல்லாம் ஒன்றல்ல. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அடையாறு தொல்காப்பியப் பூங்கா. கட்டட இடிபாடுகளும் சாக்கடையும் சேர்ந்து கிடந்த கழிமுகப் பகுதியில் 58 ஏக்கரைச் சீரமைத்து 2011 ஜனவரியில் திறந்தார்கள். பொறுப்பு சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளையிடம். உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலக்கும் இடம் எப்படி இருக்கும், அலையாத்தி ஏன் வேரை மேல்நோக்கி நீட்டி மூச்சு விடுகிறது என்பதையெல்லாம் ஒரு குழந்தைக்கு அரை நாளில் காட்ட நகருக்குள் இதைவிட வசதியான இடம் கிடையாது. பாதை ஒழுங்காக இருக்கிறது. பாட்டி, தாத்தாவையும் அழைத்துப் போகலாம்.

குறை என்னவென்றால், அங்கே நாம் எப்போதும் பார்வையாளர்தான். இரண்டாம் முறை போனாலும் அதே பாதை, அதே பலகைகள். எட்டு வயதுக்குப் போதும். பன்னிரண்டு வயதுப் பையன் மூன்றாவது தடவை "திரும்பவுமா?" என்பான்.

அடுத்தது ஏரி, கால்வாய், முகத்துவாரச் சுத்தப்படுத்தல். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். கையுறை, சாக்குப் பை, இரண்டு மணி நேரம், கண்ணுக்குத் தெரியும் பலன். பத்து கிலோ பிளாஸ்டிக்கைக் கையால் பொறுக்கியவன் அடுத்த வாரம் டீக்கடையில் பிளாஸ்டிக் கப்பைக் கையில் வாங்கும்போது கொஞ்சம் யோசிப்பான். அந்தப் பாடத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் இதில் ஆளைப் பார்த்துச் சேர வேண்டும். நான் ஒருமுறை போன இடத்தில் பேனர் இருபதடி நீளம், குப்பைப் பைகள் பன்னிரண்டு. படம் எடுத்து முடித்ததும் கட்டிவைத்த மூட்டைகளை எடுக்க லாரி வரவில்லை. மறுநாள் மழை. மூட்டைகள் திரும்பத் தண்ணீருக்கே போயின. அதிலிருந்து எந்தக் குழு கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: பொறுக்கியதை எங்கே கொண்டுபோகிறீர்கள்? பதில் வழவழவென்று இருந்தால் போக மாட்டேன்.

இதோடு ஒட்டிவரும் இன்னொரு விஷயம் மரம் நடுதல். சதுப்பு நிலத்தில் செடி நடுவதென்றால் நல்ல காரியமாகத்தானே இருக்கும் என்று நினைப்போம். எப்போதும் அப்படியில்லை. ஓதம் வற்றும்போது வெளியே தெரியும் வெறும் சேற்று மேடு வெறும் இடமல்ல. உள்ளான், மண்கொத்தி மாதிரிக் கரைப்பறவைகள் அந்தச் சேற்றுக்குள் அலகை விட்டுப் புழு தேடித்தான் குளிர்காலத்தை ஓட்டுகின்றன. அங்கே வரிசையாக அலையாத்திக் கன்றுகளை நட்டால் அவற்றின் சாப்பாட்டுத் தட்டின் மேல் தோட்டம் போட்ட மாதிரி. முன்பு அலையாத்தி இருந்து அழிந்த இடத்தில் நடுவது வேறு கதை. நடுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்லத் தெரிந்தவர்களாக இருந்தால் தாராளமாக மண்வெட்டியைத் தூக்குங்கள்.

மூன்றாவது, ராத்திரிக்காரர்களுக்கானது. பங்குனி ஆமை என்கிற கடலாமைகள் முட்டையிட வரும் மாதங்களில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் நடப்பது. 1988-லிருந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் நடக்கிறார்கள். கிடைக்கும் முட்டைகளைப் பொரிப்பகத்தில் சேர்த்து, ஏறத்தாழ 45 நாள் கழித்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். சதுப்பு நிலம் என்ற கணக்கில் இது வராதுதான். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரைகளில் ஆயிரத்துக்கும் மேல் ஆமைகள் செத்து ஒதுங்கியதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் பெரிதாகப் படாது. ஆனால் ஏழு கிலோமீட்டர் மணல் நடை, தூக்கம் போகும், பல இரவுகள் ஆமையே தட்டுப்படாது. கல்லூரிப் பிள்ளைகளுக்கு அருமை. ஏழாம் வகுப்புக்கு இன்னும் கொஞ்சம் போகட்டும்.

கடைசியாக, நான் சாய்கிற பக்கம்: பறவை எண்ணுவது.

கேட்க உப்புச்சப்பில்லாமல் இருக்கும். ஓரிடத்தில் நின்று குறைந்தது பதினைந்து நிமிடம், கண்ணில் பட்ட எல்லாப் பறவைகளையும், எது எத்தனை என்று குறித்து இபேர்ட் என்கிற பறவைப் பதிவுச் செயலியில் ஏற்றுவது. அவ்வளவுதான். பொங்கல் விடுமுறையின் நான்கு நாட்களில் தமிழ்நாடு முழுக்க இதைச் செய்கிறார்கள், 2015-லிருந்து நடக்கிறது. ஜனவரியிலேயே ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பும் உண்டு, அது 1987-இல் தொடங்கியது. வனத்துறையும் தன் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கிறது. மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி மாதிரி 1978-லிருந்து இருக்கும் அமைப்புகளின் ஆட்களோடு இரண்டு நடை போனால் தொழில் பிடிபட்டுவிடும்.

எண்ணி என்ன ஆகப்போகிறது என்று அண்ணியும் கேட்டார். ஆகும். ஒரு நீர்நிலையை ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்க்க ஒன்பது அளவுகோல்கள் உண்டு. அதில் ஒன்று, வழக்கமாக 20,000 நீர்ப்பறவைகளாவது அங்கே இருக்க வேண்டும் என்பது. இன்னொன்று, ஓர் இனத்தின் மொத்த எண்ணிக்கையில் நூற்றுக்கு ஒன்றாவது அங்கே தங்க வேண்டும் என்பது. யாரோ நின்று எண்ணியிருந்தால்தான் இந்த இரண்டையும் வாயைத் திறந்து சொல்ல முடியும். 2023-இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை அலசியது. அதற்கு அடிப்படை ஏறத்தாழ 30,000 பேர் பதிந்த மூன்று கோடிக் குறிப்புகள். அவர்களில் பெரும்பாலானவர்கள் சம்பளம் வாங்கும் ஆராய்ச்சியாளர்கள் அல்ல.

பள்ளிக்கரணையின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் பெருங்குடி குப்பைக் கிடங்கு, நடுவில் துரைப்பாக்கம் ரேடியல் சாலை, சுற்றிலும் கட்டடங்கள். அரசுத் தாள்களில் ரொம்ப காலம் அது வெறும் பயனில்லாத நிலம். 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடானது. 2022-இல் 1,247 ஹெக்டேருக்கு ராம்சார் தகுதி கிடைத்தது. நடுவில் நடந்தது பெரும்பாலும் சலிப்பூட்டும் வேலை. என்ன பறவை, என்ன மீன், எவ்வளவு தண்ணீர், எல்லை எதுவரை என்று குறித்துக்கொண்டே இருந்தார்கள். கேர் எர்த் அறக்கட்டளையின் ஜெயஸ்ரீ வெங்கடேசன் அப்படிப் பல வருடம் ஆவணப்படுத்தியவர். 2025-இல் ராம்சார் விருது அவரைத் தேடி வந்தது. குப்பை கொட்டுவதை எதிர்த்து மனு போட்ட குடியிருப்பு மக்களின் குரலுக்கு எடை கூட்டியது இந்த மாதிரிக் குறிப்புகள்தான்.

எண்ணுவதில் எனக்குள்ள புகார் ஒன்று உண்டு. பைனாகுலர் விலை. நல்லதாக எட்டுக்கு நாற்பத்திரண்டு (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர்) வாங்கினால் சில ஆயிரம் பழுக்கும். முதல் இரண்டு மாதம் குழுவில் யாரிடமாவது வாங்கிப் பாருங்கள், யாரும் இல்லையென்று சொல்ல மாட்டார்கள். இன்னொரு கஷ்டம், கூட்டமாக நிற்கும் ஊசிவால் வாத்துகளை எண்ணுவது. பத்தை எண்ணி, அந்தப் பத்து கண்ணில் அடைக்கும் இடத்தை மனதில் வைத்து, அதைக் கொண்டு மீதியை அளக்க வேண்டும். ஆரம்பத்தில் எல்லோரும் தப்பாகத்தான் எண்ணுவார்கள்.

ஆகவே அண்ணிக்கு நான் சொன்னது: பூங்காவுக்கு ஒரு தடவை கூட்டிப்போங்கள், சின்னவளும் வரட்டும். சுத்தப்படுத்தலுக்கு வருடத்தில் ஒன்றிரண்டு முறை, லாரி வரும் குழுவோடு. மற்ற ஞாயிறுகளில் காலை ஆறரைக்கு ரேடியல் சாலை ஓரம், ஒரே இடம், ஒரே நோட்டு. சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்றுகொள்ளச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எல்லாப் பறவையும் கறுப்பாகவே தெரியும். முதல் நாள் தண்ணீரில் கறுப்பாக இரண்டு கோழிகள் அவனைக் குழப்பும். நெற்றியில் வெள்ளை நாமம் இருந்தால் நாமக்கோழி, சிவப்பு இருந்தால் தாழைக்கோழி.