முர்னாவ்: எந்தப் படத்தில் தொடங்கலாம்?

ஜெர்மன் மௌனப்பட இயக்குநர் எஃப். டபிள்யூ. முர்னாவ் என்றாலே 1922-இல் வந்த ‘நொஸ்ஃபெராட்டு’தான். மாடிப்படிச் சுவரில் ஏறும் அந்த நிழலை இன்றும் பேய்ப்படங்கள் கடன் வாங்குகின்றன. ‘டிராகுலா’ நாவலின் உரிமை வழக்கில் பிரதிகளை அழிக்க உத்தரவிட்டும் பிழைத்த படம்.

சரி, 1924-இன் ‘கடைசி மனிதன்’? ஹோட்டல் வாயில்காவலர் ஒருவரை, வயதாகிவிட்டதென்று கழிவறை வேலைக்கு இறக்குகிறார்கள். பறிபோகும் சீருடைதான் அவருடைய மானம். கதையை நிறுத்திப் பேசும் எழுத்து அட்டை ஒன்றே ஒன்று. மற்றதையெல்லாம் வாயில்காவலராக நடித்த எமில் யானிங்ஸின் கூனிய முதுகு சொல்லிவிடுகிறது. ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்ட் கேமராவை உடம்பில் கட்டிக்கொண்டும் சைக்கிளில் வைத்தும் ஓடவிட்டார். ஹாலிவுட்டே வாய்பிளந்த வித்தை அது. ஒட்டவைத்த சுபமுடிவு மட்டும் உறுத்தும்.

பயம் வேண்டுமென்றால் முதலாவது. எனக்கு இரண்டாவதுதான்.