விடுதி எங்களுடையது, கணக்குகள் வேறொருவருடையவை: யாழ்ப்பாணத்துச் சிறு தொழில் நடத்துவோருக்கு ஓர் எச்சரிக்கை

நல்லூர்க் கந்தசுவாமி கோவிலிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஆறு அறைகள் கொண்ட சிறிய விருந்தினர் விடுதி ஒன்றை நானும் மனைவியும் நடத்தி வருகிறோம். கடந்த ஆண்டுத் திருவிழாவுக்கு மூன்று வாரங்கள் இருக்கையில், ரொறன்ரோவிலிருந்து ஆண்டுதோறும் வந்து தங்கும் ஓர் அம்மா எங்கள் வீட்டு இலக்கத்துக்கு அழைத்தார். "தம்பி, கூகுள் வரைபடத்தில இருக்கிற உங்கட நம்பருக்கு எடுக்க வேற ஆரோ கதைக்கினம். அறை ஒண்டும் இல்லையெண்டு சொல்லுகினம்" என்றார். அன்று எங்கள் ஆறு அறைகளில் நான்கு வெறுமையாக இருந்தன.

இது எப்படி நடந்தது என்பதை விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் இதே வாசலில் இன்னும் பலர் நிற்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அதற்குப் பத்து மாதங்களுக்கு முன்னர், இணையத்தளம் அமைத்துத் தேடுபொறியில் முன்னுக்குக் கொண்டுவரும் வேலையைச் செய்வதாகச் சொல்லிக்கொண்டு, நகரில் இயங்கும் ஒரு நிறுவனத்தின் இளைஞர் ஒருவர் விடுதிக்கு வந்தார். "அண்ணை, ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, மூண்டு மாசத்தில கூகுளில முதலாவதாய் நிப்பியள்" என்று உறுதி தந்தார். முற்பணம் 60,000 ரூபாவும் மாதாந்தம் 15,000 ரூபாவும் பேசி முடித்தோம். எழுத்தில் எதுவும் இல்லை. எல்லாம் வாட்ஸ்அப் குரல்பதிவுகளில்தான் நடந்தது. கூகுளில் முதலிடம் கிடைக்கும் என்று எவராலும் உத்தரவாதம் தர முடியாது என்பதைக் கூகுள் நிறுவனமே தன் வழிகாட்டல்களில் எழுதி வைத்திருக்கிறது. பணம் கட்டி வாங்கக்கூடியது விளம்பரம் என்று அடையாளமிடப்பட்ட இடம் மட்டுமே. அதற்குக் கீழே வரும் வழமையான முடிவுகளில் இடம் விலைக்கு இல்லை. இந்த ஒன்றை அன்று நான் அறிந்திருந்தால் அந்த இளைஞருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பியிருப்பேன்.

இரண்டாம் நாள் அவர் தொலைபேசியில் அழைத்து, "உங்கட போனுக்கு ஒரு கோட் வந்திருக்கும், வாசியுங்கோ" என்றார். நான் வராந்தாவில் நின்றபடி அந்த இலக்கங்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் தெரியும் எங்கள் விடுதியின் வணிகப் பக்கத்துக்கு உரிமையாளர் யார் என்பதைத் தீர்மானித்த குறியீடு அது. நான் வாசித்த அந்த நொடியில் விடுதியின் பெயர், படங்கள், தொலைபேசி இலக்கம், விருந்தினர்களின் கருத்துகளுக்குப் பதில் எழுதும் உரிமை ஆகிய அனைத்தும் அவருடைய மின்னஞ்சல் கணக்குக்குப் போய்ச் சேர்ந்தன. இணையத்தளத்தின் முகவரியான டொமைன் பெயரையும் அவர் தன் கணக்கிலேயே வாங்கியிருந்தார்.

முதல் மாதங்களில் அவர் தன் கைப்பேசியை நீட்டி, "பாருங்கோ, முதலாவதாய் நிக்குது" என்று காட்டுவார். அவர் தேடியது எங்கள் விடுதியின் பெயரையே. ஒரு கடையின் பெயரைத் தட்டச்சு செய்தால் அந்தக் கடை மேலே வருவது பெரிய காரியம் அல்ல. "நல்லூரில் தங்குமிடம்" என்று தேடுகிறவருக்கு நாம் தெரிகிறோமா என்பதே கேள்வி. அதிலும், தேடுகிறவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்து முடிவுகள் மாறும் என்பதால், விடுதி முற்றத்தில் நின்று தேடிக் காட்டுவதை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. மாத இறுதியில் அவர் அனுப்பிய அறிக்கையில், பார்வையாளர் கண்ணில் படாமல் பக்கத்தின் நிரலுக்குள் இருக்கும் குறிச்சொல் பகுதியில் (keywords meta tag) இருநூறு சொற்கள் சேர்த்ததாகப் பெருமையோடு எழுதியிருந்தார். அந்தப் பகுதியைத் தரவரிசைக்குத் தாங்கள் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 இலேயே அறிவித்துவிட்டது.

உண்மை நிலையைக் காட்டியது கூகுள் சேர்ச் கொன்சோல் என்னும் இலவசக் கருவி. மக்கள் எந்தச் சொற்களைத் தேடியபோது நம் தளம் தோன்றியது, எத்தனை பேர் அதை அழுத்தினார்கள் என்பவற்றைக் கடந்த 16 மாதங்கள் வரைக்கும் அதில் பார்க்கலாம். கொழும்பில் படிக்கும் என் பெறாமகன் வற்புறுத்தியதால், பார்வையிடும் உரிமையை மட்டும் அந்த நிறுவனம் எங்களுக்குத் தந்திருந்தது. எட்டாம் மாதத்தில் அவன் மடிக்கணினியை என் பக்கம் திருப்பி, "சித்தப்பா, இதைப் பாருங்கோ" என்றான். தளத்துக்கு எதிராகக் கைமுறை நடவடிக்கை (கூகுள் ஊழியர்கள் பார்த்து விதிக்கும் தண்டனை) எடுக்கப்பட்டிருக்கிறது, காரணம் இயல்பற்ற இணைப்புகள் என்று அதில் இருந்தது. சூதாட்டத் தளங்களிலிருந்தும், எங்களுக்குப் புரியாத மொழிகளில் உள்ள பக்கங்களிலிருந்தும் எங்கள் விடுதிக்கு இணைப்புகள் வாங்கப்பட்டிருந்தன. அதே கருவியிலிருந்த உரிமையாளர் பட்டியலில் மூன்று மின்னஞ்சல்கள் இருந்தன. மூன்றில் ஒன்றுகூட எங்களுடையது அல்ல.

நான் மாதப் பணத்தை நிறுத்தினேன். கணக்குகளை ஒப்படைக்க ஓர் இலட்சம் ரூபா தர வேண்டும் என்றார்கள், மறுத்தேன். பத்து நாட்களுக்குள் வரைபடத்தில் தொலைபேசி இலக்கம் மாறியது. ரொறன்ரோ அம்மா அழைத்தது அதற்குப் பிறகுதான். பின்னர் டொமைன் புதுப்பிக்கப்படாமல் தளமும் மூடப்பட்டது. டொமைனை வேறிடத்துக்கு மாற்றுவதற்கான குறியீட்டை, டொமைன்களைப் பதிந்து கொடுக்கும் பதிவாளர் நிறுவனம் பதிவில் உள்ளவருக்கே கொடுக்கும், அந்தப் பதிவில் என் பெயர் எங்கேயும் இல்லை. சட்டத்தரணி ஒருவரிடம் போனேன். அவர் முதலில் கேட்டது ஒப்பந்தத்தையும் பற்றுச்சீட்டுகளையும். இரண்டும் என்னிடம் இருக்கவில்லை.

மீட்க முடிந்தது வணிகப் பக்கத்தை மட்டுமே. அதில் உரிமை கோரும் விண்ணப்பத்தை அனுப்பினால், தற்போதைய உரிமையாளருக்குப் பதில் சொல்ல 3 நாட்கள் தரப்படும். அவர்கள் பதில் சொல்லவில்லை. அதன்பின் நாங்களே விடுதியை உறுதிப்படுத்தி உரிமையைப் பெற்றோம். புதிய உரிமையாளருக்குச் சில அதிகாரங்கள் 7 நாட்கள் கழித்தே கிடைக்கும் என்பதால், பழைய உரிமையாளரை நீக்க அந்த ஒரு வாரமும் காத்திருந்தோம். விருந்தினர்கள் எழுதிய கருத்துகள் அழியாமல் பக்கத்தோடு வந்தது பெரிய ஆறுதல்.

இப்போது இலங்கைக்குரிய .எல்கே (.lk) என்று முடியும் புதிய டொமைன் என் பெயரிலும் என் மின்னஞ்சலிலும் பதிவாகியிருக்கிறது. அந்த மின்னஞ்சலுக்கு இரட்டைச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் முறை) இட்டு, கைப்பேசி கையில் இல்லாதபோது உள்ளே நுழையக் கூகுள் தந்த பத்து மாற்றுக் குறியீடுகளையும் தாளில் எழுதி, காணி உறுதியோடு சேர்த்து அலுமாரியில் வைத்திருக்கிறோம். வேலைக்கு எடுத்த வேறொருவருக்கு முகாமையாளர் உரிமை மட்டும் கொடுத்திருக்கிறேன், கடவுச்சொல்லைக் கொடுக்கவில்லை. நீங்களும் யாரையாவது விலக்க நேர்ந்தால், சேர்ச் கொன்சோலின் பட்டியலிலிருந்து பெயரை எடுப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அவர் உரிமையை உறுதிப்படுத்தத் தளத்தில் வைத்த கோப்பு, பக்கத்தின் நிரலில் இட்ட அடையாள வரி, டொமைனின் அமைப்பில் சேர்த்த டிஎன்எஸ் (DNS) பதிவு ஆகியவற்றையும் தேடி அழியுங்கள். அவை இருக்கும்வரை அவர் மீண்டும் உரிமையாளராக நுழைய முடியும். யாராவது தொலைபேசியில் குறியீடு கேட்டால், அவர் எவ்வளவு பழக்கமானவராக இருந்தாலும் வாசிக்காதீர்கள். குறியீடு கேட்கும் அந்தப் பதிவை உங்கள் கையால், உங்கள் கணக்கில் நீங்களே செய்யுங்கள்.

பழைய இணைய முகவரியை அச்சிட்ட அட்டைகள் முந்நூறு வரையில் வரவேற்பு மேசை இலாச்சியில் இன்னும் இருக்கின்றன. மனைவி அந்த வரியைப் பேனாவால் வெட்டி, அதன் கீழே புதியதை எழுதி, விருந்தினர்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்து வருகிறார்.